மாட்டு ஊசியும் பாறு கழுகும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் பாறுகளின் கணக்கெடுப்பு பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மருந்தைப் பற்றியவை. நல்லதுதான். தமிழ்நாட்டில் மாயாறு, சீகூர்ப் பகுதியில் எஞ்சியிருக்கும் பாறுகளின் ஆயுள், சுற்றியுள்ள ஊர்களின் மாட்டுக்கொட்டகையில் எந்தப் புட்டி உடைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. கால்நடை மருத்துவரும் பறவை ஆய்வாளரும் சேர்ந்து தந்த பதில்கள் இவை.

மாடு வளர்ப்பவர், மசினகுடி: காய்ச்சலில் படுத்த மாட்டுக்கு, டாக்டர் கிடைக்காததால் கடையில் கேட்டு வலி ஊசி வாங்கிப் போட்டோம். மறுநாளே செத்துவிட்டது. ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டுவிட்டோம். இதனால் பாறுக்குக் கெடுதல் உண்டா? எந்த ஊசி ஆகும், எது ஆகாது?

புட்டியில் இருந்தது எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது மாட்டுக்குத் தடைசெய்யப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து என்றால், நீங்கள் சொல்லும் நிலவரத்தைவிட மோசமானது இல்லை. மருந்து ஏறி ஓரிரு நாளுக்குள் சாகும் மாட்டின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் ஊசி போட்ட இடத்துச் சதையிலும் அது கரையாமல் இருக்கும். அழுகினால் மருந்தும் அழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சடலத்தில் ஒரு வாரம் கழிந்தும் எச்சம் பெரிதாகக் குறைவதில்லை.

அளவைப் பாருங்கள். 300 கிலோ மாட்டுக்குக் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 300 மி.கி. போடுவார்கள். வெண்முதுகுப் பாறு ஏறத்தாழ 5 கிலோ எடை. அதன் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மி.கி. டைக்ளோஃபெனாக் போனாலே உண்ட பறவைகளில் பாதி செத்துவிடும். மாட்டில் ஏறிய 300 மி.கி.யில் 1 மி.கி. ஒரு பறவையின் இரைப்பைக்குப் போனால் கதை முடிந்தது. ஒரு சடலத்தில் நாற்பது ஐம்பது பாறுகள் ஒன்றாக இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகாதவை: டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபன், நிமிசுலைடு, ஃப்ளூனிக்சின், கார்ப்ரோஃபன். அசிக்ளோஃபெனாக்கை வேறு மருந்து என்று கடையில் சொல்வார்கள். மாட்டின் உடலுக்குள் போனதும் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. நிமிசுலைடு பெரும்பாலும் பாராசிட்டமாலுடன் சேர்ந்த பெரிய மாத்திரையாக வரும். முன்பக்கப் பெயரை விட்டுவிட்டு, அட்டையின் பின்புறச் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

ஆகும் என்று பாறுகளுக்கே கொடுத்துச் சோதித்துப் பார்க்கப்பட்டவை: முதலில் மெலாக்சிகாம், அடுத்ததாக டோல்ஃபெனாமிக் அமிலம். கடையில் "வலி ஊசி" என்று கேட்காதீர்கள். மெலாக்சிகாம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இழுத்துப் போட்ட சடலம் இன்னும் அங்கே இருந்தால், இந்த இதழைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் புதையுங்கள். ஆறடிக் குழி, சடலத்தின் மேல் சுண்ணாம்பு, அதற்கு மேல் குறைந்தது மூன்றடி மண். ஆழம் குறைந்தால் நாயும் நரியும் தோண்டிப் போட்டுவிடும். அப்புறம் மீதியைப் பாறு தின்னும். புட்டியை எறியாமல் எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஏதேனும் பறவை செத்துக் கிடந்தால் வனத்துறைக்கு அது வேண்டியிருக்கும். அடுத்த முறை டாக்டர் கிடைக்காவிட்டால், கடைக்குப் போகும் முன் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடுங்கள்.

கல்லூரி மாணவி, கோத்தகிரி: அழுகிய இறைச்சியில் உள்ள கிருமிகளையே செரித்துவிடும் பறவை, மனிதர்கள் மாத்திரையாக விழுங்கும் ஒரு மருந்தால் எப்படிச் சாகிறது?

பாறின் இரைப்பை அமிலம் கிருமிகளைக் கொல்லும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமி கலந்த சடலத்தைக்கூடத் தின்று பிழைத்துக்கொள்ளும். ஆனால் டைக்ளோஃபெனாக் கிருமி அல்ல. அமிலம் அதை ஒன்றும் செய்வதில்லை. அது குடலைத் தாண்டி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது.

பறவைகள் நம்மைப் போல யூரியாவாகக் கழிவை வெளியேற்றுவதில்லை. யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது அதுதான். அதை ரத்தத்திலிருந்து பிரித்து வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள். டைக்ளோஃபெனாக் அந்தச் செல்களையே சாகடிக்கிறது. வெளியேற வழியில்லாத யூரிக் அமிலம் ரத்தத்தில் ஏறி, இதயம், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவாக உறைகிறது. தின்ற இரண்டு நாள் அளவில் பறவை செத்துவிடும். சடலத்தை அறுத்தால் இந்த வெள்ளைப் பூச்சைப் பார்த்தே அனுபவமுள்ள மருத்துவர் பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

எல்லாப் பிணந்தின்னிப் பறவைகளுக்கும் இப்படி ஆவதில்லை. அமெரிக்காவின் வான்கோழிக் கழுகு, நம் பாறு தாங்கும் அளவைப் போல நூறு மடங்குக்கு மேல் கொடுத்தும் பிழைத்தது. அது வேறு குடும்பத்துப் பறவை. கீட்டோபுரோஃபனின் குணம் இன்னும் ஏமாற்றுவது: குறைந்த அளவில் பாறின் உடல் அதைக் கழித்துவிடும், அளவு கூடும்போது கழிக்கும் வழி அடைபட்டு ரத்தத்தில் தேங்கிக் கொல்லும். குறைந்த அளவில் மட்டும் சோதித்திருந்தால் அதைப் "பாதுகாப்பானது" பட்டியலில் சேர்த்திருப்பார்கள். மெலாக்சிகாமோ பாறின் உடலைவிட்டு வேகமாக வெளியேறிவிடுகிறது. தேங்க நேரமே கிடைப்பதில்லை.

கால்நடை உதவியாளர், தாளவாடி: மெலாக்சிகாம் போட்டால் மாடு எழுந்திருப்பதில்லை, பழைய ஊசிதான் "பிடிக்கிறது" என்று மாட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பல நேரம் அவர்கள் சொல்வது உண்மைதான். காரணம் மருந்து அல்ல, அளவு.

மாட்டுக்கு மெலாக்சிகாம் கிலோவுக்கு 0.5 மி.கி. 300 கிலோ மாட்டுக்கு 150 மி.கி. மி.லி.க்கு 5 மி.கி. உள்ள புட்டி என்றால் 30 மி.லி. போட வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? 10 மி.லி., மிஞ்சினால் 15 மி.லி. போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு மருந்து போட்டால் மூன்றில் ஒரு பங்கு குணம்கூடத் தெரியாது. மி.லி.க்கு 20 மி.கி. உள்ள புட்டி கிடைத்தால் அதே மாட்டுக்கு 7.5 மி.லி. போதும். ஆகவே முதலில் லேபிளில் மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று பாருங்கள், பிறகு எடை. எடையைக் கண்ணால் மட்டிடாமல் அளவுநாடாவால் மார்புச் சுற்றளவு எடுத்துக் கணக்கிடுங்கள். நாட்டு மாட்டுக்கு மட்டிடும்போது அதிகமாகவும், கலப்பினத்துக்குக் குறைவாகவும் சொல்லிவிடுவது பலருக்கும் வழக்கம்.

30 மி.லி.யை ஒரே இடத்தில் சதையில் ஏற்றினால் வீங்கும், மாட்டுக்காரர் அடுத்த முறை கூப்பிட மாட்டார். இரண்டு மூன்று இடமாகப் பிரித்துப் போடுங்கள். ரத்தக்குழாய் வழி போடத் தெரிந்தவர் மருத்துவர் சொல்படி மெதுவாக அப்படிப் போடலாம். மாட்டின் உடலில் இது ஒரு நாளுக்கு மேல் நின்று வேலை செய்யும் மருந்து. மாலையே இன்னொரு ஊசி கேட்டால் கொடுக்காதீர்கள்.

டோல்ஃபெனாமிக் அமிலம் சதையில் கிலோவுக்கு 2 மி.கி. மி.லி.க்கு 40 மி.கி. உள்ள புட்டியானால் அதே மாட்டுக்கு 15 மி.லி.; தேவைப்பட்டால் 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை.

இன்னொன்று. பழைய ஊசி "பிடித்தது" என்று தோன்றக் காரணம், காய்ச்சல் சட்டென்று இறங்கி மாடு அன்று மாலை தீனி தின்றுவிடும். நோய் அப்படியே இருக்கும். வலி மருந்து எதுவானாலும் நீர் வற்றிக் கிடக்கும் மாட்டுக்குப் போட்டால் மாட்டின் சிறுநீரகத்துக்கே கேடு. கழிச்சலில் கிடக்கும் மாட்டுக்கு முதலில் சலைன் பாட்டில், பிறகுதான் ஊசி.

மருந்துக்கடைக்காரர், சத்தியமங்கலம்: மாட்டுக்குத் தடை என்கிறீர்கள். மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் என் கடையில் சட்டப்படி இருக்கிறது. மாட்டுக்கா மனிதனுக்கா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணிக்கை சொல்லிவிடும். மனிதருக்கான ஊசி 3 மி.லி., அதில் 75 மி.கி. ஒருவர் நான்கு புட்டி ஒன்றாகக் கேட்டால் அது 300 மி.கி.; சரியாக ஒரு மாட்டுக்கான அளவு. மருத்துவர் சீட்டு இல்லாமல் நான்கு டைக்ளோஃபெனாக் புட்டியும் 20 மி.லி. சிரிஞ்சும் கேட்கும் ஆளிடம் வேறு எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை.

இந்த 3 மி.லி. கட்டுப்பாடே அதற்காக வந்ததுதான். மாட்டுக்கான டைக்ளோஃபெனாக் தயாரிப்பை இந்தியா 2006 மே மாதம் நிறுத்தச் சொன்னது. 2008இல் அரசிதழ் அறிவிப்பாகவும் வந்தது. உடனே மனிதர் பெயரில் 30 மி.லி. புட்டிகள் மாட்டுக்கொட்டகைக்குப் போயின. 30 மி.லி. புட்டியிலிருந்து தனக்கு ஊசி போட்டுக்கொள்ளும் மனிதர் யார்? 2015 ஜூலையில், மனிதருக்கான ஊசி ஒருமுறை போடும் 3 மி.லி. அளவில் மட்டுமே வர வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் போயின. 2017இல் நீதிமன்றம் உத்தரவைச் செல்லும் என்றது.

அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபன் இரண்டும் கால்நடைப் பயன்பாட்டுக்கு 2023 ஜூலை முதல் தடை. நிமிசுலைடு 2024 டிசம்பர் இறுதியில். பழைய சரக்கு இருந்தால் விற்றுத் தீர்க்க நினைக்காமல் விநியோகஸ்தரிடம் திருப்பி அனுப்புங்கள். டைக்ளோஃபெனாக் கேட்டு வருபவரை வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த கடைக்குத்தான் போவார். மெலாக்சிகாமை எப்போதும் கையிருப்பில் வைத்திருங்கள், முடிந்தால் மி.லி.க்கு 20 மி.கி. வகையை. ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையில் எத்தனை ஆண்டுகள் என்று பாருங்கள். அந்த இடைவெளியில் பாறுகளைக் காத்தது சட்டம் அல்ல, சில கடைக்காரர்களும் மருத்துவர்களும்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு: எங்கோ சில மாடுகளுக்கு ஊசி போட்டதால் கோடிக்கணக்கில் இருந்த ஓர் இனம் அழிந்தது என்பது மிகைப்படுத்தல் போலத் தோன்றுகிறது. இடமின்மை, உணவின்மை காரணமாக இருக்காதா?

சந்தேகம் நியாயமானது. ராஜஸ்தானின் பரத்பூரில் 1990களின் பிற்பகுதியில் பாறுகள் தலை தொங்கியபடி மரத்திலேயே சாவதைக் கவனித்தபோது, ஆய்வாளர்கள் தொற்றுநோயைத்தான் முதலில் தேடினார்கள். பாகிஸ்தான் பஞ்சாபில் ஆய்வு செய்த லிண்ட்ஸே ஓக்ஸ் குழுவினர்தான் 2004இல் டைக்ளோஃபெனாக்கைக் குற்றவாளி என்று நிறுவினார்கள். உணவுக்கும் பஞ்சமில்லை, பாறுகள் குறையக் குறைய மாட்டுச் சடலங்கள் தின்ன ஆளில்லாமல் குவிந்தன.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாறு மூன்று நாளுக்கு ஒரு வேளை தின்பதாக வைத்தால் ஆண்டுக்கு 120 வேளை. 760 சடலங்களில் ஒன்றில் மட்டும் நஞ்சு என்று வையுங்கள். 120ஐ 760ஆல் வகுத்தால், ஆண்டுக்கு ஆறு பறவைகளில் ஒன்று இதனால் மட்டுமே சாகும். வெண்முதுகுப் பாறு ஐந்து வயது வாக்கில்தான் கூடு கட்டும். ஆண்டுக்கு ஒரே முட்டை. ஆறில் ஒன்று போனால் அதை ஈடுகட்ட அந்த இனத்தால் முடியாது. 760ல் ஒன்று என்பது கற்பனை எண் அல்ல; கண்ட வீழ்ச்சிக்கு 130 முதல் 760 வரையான சடலங்களில் ஒன்றில் நஞ்சு இருந்தாலே போதும் என்பது 2004இல் போட்ட கணக்கு. 2004, 2005இல் இந்தியாவில் 1,848 மாட்டு ஈரல் மாதிரிகளைச் சோதித்தபோது ஏறத்தாழ 10 சதவீதத்தில் டைக்ளோஃபெனாக் இருந்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்தது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்றும் தெரியும். "எங்கள் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நல்ல ஊசிதான் போடுகிறோம்" என்பது பாறுக்குப் போதாது.

விவசாயி, தெங்குமரஹாடா அருகிலிருந்து: புலி கன்றை அடித்துப் போட்டால் சிலர் மிச்சத்தில் குருணை மருந்து வைக்கிறார்கள். அதையும் பாறு தின்னுமா?

புலி திரும்பி வருவதற்கு முன்பே தின்னும். பாறு பகலில் வானத்திலிருந்து பார்க்கிறது. புலி பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வரும். புலிக்கு வைத்த நஞ்சை முதலில் தின்பது பாறும் காக்கையும் ஊர் நாயும்.

குருணையாக வரும் கார்போஃபியூரான் போன்ற பூச்சிக்கொல்லிகள் நரம்பைத் தாக்குபவை. டைக்ளோஃபெனாக் இரண்டு நாள் எடுக்கும். இது சில மணி நேரத்தில், சில சமயம் சடலத்தின் பக்கத்திலேயே சாய்த்துவிடும். 2022 மார்ச்சில் அசாமின் காமரூப் மாவட்டம் சய்காவ் அருகே ஏறத்தாழ நூறு பாறுகள் ஒரே இடத்தில் விழுந்தன. 2019இல் போட்ஸ்வானாவில் யானைச் சடலங்களில் நஞ்சிட்டு 537 பாறுகளைக் கொன்றார்கள். அங்கே நோக்கமே பாறுகள்தான்: வானத்தில் அவை வட்டமிட்டால் வனக்காவலர் வந்துவிடுவார் என்று வேட்டைக்காரர்களுக்குப் பயம்.

நஞ்சிடுவதும் சட்டப்படி வேட்டையாடுவதே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் உள்ள உயிருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கன்று போனதற்கு நட்டஈடு உண்டு. சடலத்தை நகர்த்தாமல், கடித்த இடமும் காலடித் தடமும் தெரியும்படி படம் எடுத்து, அன்றே வனவருக்குச் சொல்லி, கால்நடை மருத்துவரின் சான்று வாங்குங்கள். பணம் தாமதமாக வருவதுதான் பலரையும் குருணையை நோக்கித் தள்ளுகிறது என்பதும் உண்மை. அதைச் சரிசெய்ய வேண்டியது துறை.

வாசகர், சேலம்: அமெரிக்காவில் காண்டார் கழுகுக்கு ஈயம்தான் எமன் என்று படித்தேன். நம் பாறுகளுக்கும் அந்த ஆபத்து உண்டா?

இங்கே பெரிய அளவில் இல்லை, ஏனென்றால் நம் நாட்டில் வேட்டைக்கு அனுமதி இல்லை. கலிபோர்னியாவில் மான் வேட்டையாடுபவர் விட்டுப்போகும் குடலிலும் சதையிலும் ஈயக் குண்டின் துகள்கள் இருக்கும். கிருமியைக் கொல்லும் அதே இரைப்பை அமிலம் ஈயத்தை நன்றாகக் கரைத்து ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. குடல் செயலிழந்து, தொண்டைப்பை நிறைய இரையோடு பறவை பட்டினியால் சாகும். 1987இல் உலகிலிருந்த மொத்தம் 27 காண்டார்களையும் பிடித்துக் கூண்டில் வளர்த்துப் பெருக்கினார்கள். 1992 முதல் மீண்டும் விட்டார்கள். கலிபோர்னியா மாநிலம் முழுவதும் ஈயக் குண்டு வேட்டைக்குத் தடையானது 2019 ஜூலையில்.

பக்தர், திருக்கழுக்குன்றம்: வேதகிரி மலையில் உச்சிவேளைக்கு வந்து பொங்கல் உண்ட கழுகுகள் இனி வருமா?

வந்தவை மஞ்சள்முகப் பாறுகள். அந்த இனம் தமிழ்நாட்டில் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில், அதுவும் நீலகிரிப் பக்கம்தான் கண்ணில் படுகிறது. பொங்கல் வைத்தால் வராது. சுற்றுவட்டத்தில் நஞ்சில்லாத சடலம் கிடைத்து, எங்கிருந்தாவது ஒரு சோடி வந்து தங்க வேண்டும். விரைவில் நடக்கும் என்று ஆசை காட்ட மாட்டோம்.

மலைவாழ் இளைஞர், சிறியூர்: தரையில் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பாறு ஒன்றைப் பார்த்தால் என்ன செய்வது?

முதலில் எட்ட நின்று அரை மணி நேரம் பாருங்கள். வயிறு நிறையத் தின்ற பாறு உடனே மேலெழும்ப முடியாமல் உட்கார்ந்திருக்கும். கூட்டைவிட்டுப் புதிதாக இறங்கிய குஞ்சும் அப்படித்தான். நெருங்கினால் தத்தித் தத்தி ஓடி, காற்றுக்கு எதிராக எழும்பப் பார்த்தால் விட்டுவிடுங்கள். கழுத்து தொங்கி, கண் அரைமூடி, நெருங்கினாலும் நகராவிட்டால்தான் கவலை.

உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அதுவரை நாயும் ஆளும் நெருங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வனத்துறையினர் கேட்டுக்கொண்டால் மட்டும் கையுறை போட்டு, கோணிப்பையை மேலே போர்த்தி, தலையையும் உடலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். பயந்தால் தின்றதை வாந்தியெடுக்கும்; அதைத் துடைத்தெறியாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்து வையுங்கள், அதில்தான் நஞ்சு தெரியும்.

குருணை நஞ்சு என்றால் மருத்துவர் அட்ரோபின் போட்டுக் காப்பாற்ற வாய்ப்புண்டு. டைக்ளோஃபெனாக்குக்கு மாற்று மருந்து கிடையாது. செத்த பறவையானால் கையே படாமல் காவல் நில்லுங்கள். உடற்கூறு செய்யும் மருத்துவருக்கு ஒரு குறிப்பு: நஞ்சுச் சோதனைக்குச் சிறுநீரகம், ஈரல் இரண்டையும் ஃபார்மலினில் போடாமல் உறைநிலையில் அனுப்புங்கள், திசுப் பரிசோதனைக்கு மட்டும் ஒரு செ.மீ.க்கு மிகாத துண்டு, அதன் பத்து மடங்கு ஃபார்மலினில். இரண்டையும் ஒரே புட்டியில் போட்டு அனுப்பினால் ஆய்வகத்தில் எதற்கும் உதவாது.

ஊராட்சி உறுப்பினர், நீலகிரி: செத்த மாட்டைப் புதைக்கச் சொல்கிறது சுகாதாரத் துறை. பாறுக்கு விடச் சொல்கிறீர்கள் நீங்கள். எதைக் கேட்பது?

மாட்டைப் பொறுத்து இரண்டையும்தான். கடைசி ஒரு வாரத்தில் மேலே சொன்ன ஆகாத ஊசியோ, என்ன ஊசி என்றே தெரியாத ஊசியோ போட்டிருந்தால் புதையுங்கள். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வடிந்தால் அடைப்பானாக இருக்கலாம்: இழுக்காதீர்கள், தோலுரிக்காதீர்கள், கால்நடை மருத்துவர் வரும்வரை யாரும் தொட வேண்டாம். இவை இரண்டும் இல்லாமல் முதுமையிலோ விழுந்தோ செத்த, ஊசி படாத மாடானால் வனத்துறையிடம் சொல்லிவிட்டு, ஓடைக்கும் சாலைக்கும் மின்கம்பிக்கும் தள்ளி, திறந்த மேட்டில் விடலாம். ஊராட்சியில் ஒரு நோட்டு வைத்து, எந்த மாடு, என்ன ஊசி, எந்தத் தேதி, யார் போட்டார் என்று எழுதினால் இந்தக் கேள்வியே எழாது.